டிவிடிக்கான என்கோடிங்: ஆத்தரிங் மென்பொருளிடம் விட்டுவிடலாமா, நாமே செய்யலாமா?

ஒன்றரை மணி நேர மேடை நிகழ்ச்சி ஒன்றை டிவிடி ஏற்கும் வீடியோ வடிவமான எம்பெக்-2 கோப்பாக மாற்றி, மெனுவும் அத்தியாயமும் சேர்த்து டிவிடியாக ஆக்கித் தரும் ஆத்தரிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டேன். முதல் சுற்றில் காட்சியை அலசி, அடுத்ததில் அழுத்தி என்று இரண்டு சுற்று ஓடவிட்டுப் பொறுமையாக என்கோட் செய்த கோப்பு அது. அளவு 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி ஏசி-3 என்ற அழுத்தப்பட்ட வடிவம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், மறுபடி என்கோட் செய்யப்படும் என்ற குறி வந்து நின்றது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஜிஓபி, அதாவது ஒரு முழுப் படத்திலிருந்து அடுத்த முழுப் படம் வரையுள்ள ஃபிரேம் தொகுப்பு, அதன் நீளம் 18. அமெரிக்கா, ஜப்பான் டிவி முறையான என்டிஎஸ்சி வட்டுக்கு அதுதான் உச்ச வரம்பு. நம் ஊர் டிவி முறையான பிஏஎல் வட்டுக்கு 15 ஃபிரேமைத் தாண்டக் கூடாது. அந்த ஒரே எண்ணுக்காக, ராத்திரி முழுக்க ஓடிய வேலையை மறுநாள் திரும்ப ஓட்டினேன்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம், என்கோட் செய்யும் பொறுப்பை யார் கையில் கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஆத்தரிங் மென்பொருளிடமே விட்டுவிடலாம். கட்டளை வரியில் இயங்கும் இலவசக் கருவியான எஃப்எஃப்எம்பெக் கொண்டு நாமே செய்யலாம். அல்லது எம்பெக்-2க்கென்றே எழுதப்பட்ட எச்சி (HC) போன்ற தனி என்கோடருக்குப் போகலாம்.

முதல் டிவிடி பிளேயர்கள் 1996இல் வந்தபோது இருந்த விதிகளைத்தான் வட்டு இன்றும் கேட்கிறது. வீடியோ எம்பெக்-2 ஆக இருக்க வேண்டும். எம்பெக்-1 கூடச் செல்லும், ஆனால் தரம் குறைவு. வீடியோவின் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவு, 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒலியும் சப்டைட்டிலும் சேர்ந்த மொத்தம் 10.08க்குள் நிற்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பலர் சறுக்குவது இந்தக் கடைசி விதியில்தான். ஆடியோ சிடியிலிருந்து எடுத்த பாட்டு 44.1இல் இருக்கும், அதை அப்படியே சேர்த்தால் கோப்பு நிராகரிக்கப்படும், அல்லது சத்தமில்லாமல் மாற்றப்படும்.

முதல் வழி. டிவிடி ஸ்டைலர், டிவிடி ஃபிளிக் போன்ற இலவச மென்பொருள்களில் எம்பி4 கோப்பை அப்படியே போட்டால் போதும். உள்ளே எஃப்எஃப்எம்பெக் ஓடி, தேவையான வடிவத்துக்கு மாற்றிவிடும். மெனு, அத்தியாயப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் முடிகிறது. அரை மணி நேரக் காட்சிக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இடம் தாராளமாக இருப்பதால் பிட்ரேட் உயர்வாகவே கிடைக்கும், படமும் தெளிவாக இருக்கும். வீடியோ நீளமாகும்போதுதான் குறை தெரியும். இரண்டு மணி நேரத்தை ஒரு வட்டுக்குள் அடக்க மென்பொருள் பிட்ரேட்டை இறக்கும். எந்தக் காட்சிக்கு எவ்வளவு என்று பார்த்துப் பகிர நம் கையில் பெரிதாக எதுவும் இருக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. மெனுவில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி உருவாக்கினால், சில மென்பொருள்கள் முழு வீடியோவையும் முதலிலிருந்து என்கோட் செய்யும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவ்வளவு நேரம் காத்திருப்பது கொடுமை.

இரண்டாவது வழியைத்தான் நான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். எஃப்எஃப்எம்பெக்கில் 'டார்கெட்' என்று ஒரு விருப்பம் உண்டு. அதற்கு எதிரே பிஏஎல் டிவிடி என்று கொடுத்துவிட்டால், ஃபிரேம் அளவு, ஜிஓபி 15, உச்ச பிட்ரேட் 9 மெகாபிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 ஒலி எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். விதிகளை மனப்பாடம் செய்யாமலே விதிக்கு உட்பட்ட கோப்பு கிடைக்கிறது. ஆனால் அந்த வரி தரும் சராசரி பிட்ரேட் 6 மெகாபிட். அது எல்லா நீளத்துக்கும் பொருந்தாது, கணக்கை நாம்தான் போட வேண்டும்.

ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 பில்லியன் பைட். அதை எட்டால் பெருக்கி, மெனுவுக்கும் இதர சுமைக்கும் கொஞ்சம் கழித்தால் 36 பில்லியன் பிட் மிஞ்சும். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி. வகுத்தால் நொடிக்கு 5 மெகாபிட். ஏசி-3 ஒலிக்கு 192 கிலோபிட் போக வீடியோவுக்கு 4.8. ஒலியை அழுத்தாமல் பிசிஎம் ஆக வைத்தால் ஸ்டீரியோவுக்கே 1.536 மெகாபிட் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1.4 ஜிபி ஒலிக்கு மட்டும். ஏசி-3 அதே நேரத்துக்கு 173 எம்பியில் முடிந்துவிடுகிறது. இசைக் கச்சேரியாக இருந்தால் தவிர, பிசிஎம் வேண்டாம் என்பேன். ஒரு மணி நேரம் மட்டும் என்றால் கணக்குப்படி 10 வரை இடம் இருக்கும். ஆனாலும் நான் 8க்கு மேல் போவதில்லை. நாமே எழுதிய வட்டில் பிட்ரேட் உச்சத்தைத் தொட்டால் சில பிளேயர்கள் திக்கித் திக்கி ஓடும்.

எஃப்எஃப்எம்பெக் தானாகப் பார்த்துக்கொள்ளாத விஷயங்களும் உண்டு. பழைய கேம்கார்டர் டேப்பிலிருந்து எடுத்த காட்சி இன்டர்லேஸ் வகை: ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு ஃபீல்டாகப் பிரிந்திருக்கும். அதற்குரிய ஃபிளாகுகளை (அடையாளக் குறிகளை) நாம் கேட்டு வாங்காவிட்டால், சாதாரணப் படமாக நினைத்து என்கோட் செய்துவிடும். ஓடும் குழந்தையின் கை சீப்புப் பல்லாகத் தெரியும். அப்புறம் எந்த ஃபீல்டு முதலில் வர வேண்டும் என்ற ஃபீல்டு வரிசை. DV எனும் டிஜிட்டல் கேம்கார்டர் டேப்பில் கீழ்ஃபீல்டு முதலில் வரும். வரிசை தலைகீழாகப் போனால் கணினித் திரையில் குறை தெரியவே தெரியாது. டிவியில் போட்டால் கேமரா திரும்பும் இடமெல்லாம் காட்சி முன்னும் பின்னும் உதறும். கைபேசி வீடியோவில் சிக்கல் வேறு மாதிரி. ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. முதலில் நிலையான வேகத்துக்குக் கொண்டுவராவிட்டால் போகப் போக உதடும் பேச்சும் விலகும். நின்றவாக்கில் எடுத்தது என்றால் இருபுறமும் கறுப்புப் பட்டை சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் டிவிடிக்கு 4:3, 16:9 இரண்டைத் தவிர வேறு வடிவம் தெரியாது.

மூன்றாவது, எச்சி என்கோடர். விண்டோஸுக்கானது, இலவசம். வீடியோவைத் திருத்தித் தரும் ஏவிஐசிந்த் என்ற கருவியின் ஸ்கிரிப்ட் வழியாகக் காட்சியை வாங்கி, இரண்டு சுற்றில் எம்பெக்-2 ஆக்கித் தரும். குறைந்த பிட்ரேட்டில் இதன் கை ஓங்கியிருக்கிறது. மங்கலான விளக்கில் எடுத்த, புள்ளி புள்ளியாகக் கொப்பளிக்கும் டேப் காட்சியை 4.5 மெகாபிட்டில் இரண்டிலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஃப்எஃப்எம்பெக் கோப்பில் பின்சுவரின் நிழல் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. எச்சி கோப்பில் அதே நிழல் நிழலாகவே இருந்தது. ஏவிஐசிந்த்தில் இரைச்சலை முன்கூட்டியே மட்டுப்படுத்தினால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆனால் இது வீடியோவை மட்டும்தான் தரும். ஒலியைத் தனியாக ஏசி-3 ஆக்கி, இரண்டையும் ஆத்தரிங் மென்பொருளில் சேர்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதவும் பழக வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கைக் கேட்பவர்கள் நிறைய. அருமையான கருவிதான், ஆனால் அது தருவது எம்பி4, எம்கேவி, வெப்எம் கோப்புகள். டிவிடிக்கு வேண்டிய எம்பெக் புரோகிராம் ஸ்ட்ரீமை அது தராது. இந்த வேலைக்கு அது இல்லை.

என் தேர்வு இப்படி: அரை மணி நேரத்துக்குள் என்றால் ஆத்தரிங் மென்பொருளிடமே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு சுற்று. இரண்டு மணி நேரத்தைத் தொடும் பழைய டேப், திரும்ப எடுக்கவே முடியாத காட்சி என்றால் எச்சியைக் கற்றுக்கொள்ளும் நேரம் வீண் போகாது. நாமே என்கோட் செய்த கோப்பை டிவிடி ஸ்டைலரில் சேர்க்கும்போது, அதன் பண்புகளில் வீடியோ வடிவம் 'காப்பி' என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் இரண்டாவது முறை அழுத்தப்பட்டு, பட்ட பாடு அத்தனையும் போய்விடும். முழு வேலையைத் தொடங்கும் முன் ஆட்டமும் அசைவும் அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி, திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் பதித்து, கணினியில் அல்ல, டிவியோடு இணைத்த பிளேயரில் போட்டுப் பாருங்கள்.