ஹோல்டிங் நிறுவனப் பங்கா, ஒரே தொழில் நிறுவனப் பங்கா?

ஆலை, கட்டிடம், விவசாயம் மூன்றையும் கையில் வைத்திருக்கும் ஹோல்டிங் நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, ஒரே தொழிலில் ஊறிய நிறுவனத்தின் பங்கையா? பணம் போடுமுன் பலர் தடுமாறும் இடம் இது.

சரிவைத் தாங்குவதில்:
ஹோல்டிங்: விளைச்சல் பொய்த்தாலும் வாடகை வரும். ஆனால் வட்டி ஏறினால், கடன் அதிகமுள்ள குழுமத்தில் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே திணறும்.
ஒரே தொழில்: தொழில் படுத்தால் பங்கும் படுக்கும்.

கணக்கைப் புரிந்துகொள்வதில்:
ஒரே தொழில்: சுலபம்.
ஹோல்டிங்: இங்கேதான் உழைப்பு வேண்டும். மொத்த லாபத்தை நம்பிவிடாதீர்கள், ஆண்டறிக்கையில் பிரிவுவாரிக் கணக்கைப் பாருங்கள். நில மதிப்பு ஏறியதாகக் காட்டும் லாபம் கைக்கு வந்த காசு அல்ல. துணை நிறுவனங்களுக்குள் நடந்த கடன் கொடுக்கல் வாங்கலையும் அடிக்குறிப்புகளில் தேட வேண்டும்.

விலையில்:
ஹோல்டிங்: சொத்துகளின் கூட்டு மதிப்பைவிடப் பெரும்பாலும் குறைவாகவே விற்கும். அந்தத் தள்ளுபடி பல வருடம் அப்படியே கிடக்கலாம். குழுமம் பிரிந்தால் அது குறையலாம், ஆனால் அதற்கும் காலம் பிடிக்கும்: அமெரிக்கக் குழுமமான ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றாகப் பிரிவதாக 2021-ல் அறிவித்து, 2024-ல் பிரிந்து முடித்தது.
ஒரே தொழில்: போட்டியாளரோடு நேராக ஒப்பிடலாம்.

அப்புறம் நிர்வாகம். ஹோல்டிங்கில் பணத்தை எங்கே திருப்புகிறார்கள் என்பதே உயிர். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1965-ல் கைப்பற்றியபோது பெர்க்‌ஷயர் ஹாத்தவே ஒரு நெசவு நிறுவனம். அதன் பணத்தைத் திருப்பி 1967-ல் காப்பீட்டில் இறங்கினார், 1985-ல் நெசவை மூடினார்.

நீண்டகாலம் காத்திருக்க முடிந்து, தலைமை மீது நம்பிக்கையும் இருந்தால் ஹோல்டிங் சரி. ஒரு துறையை நன்றாக அறிந்தவருக்கு ஒரே தொழில் நிறுவனம்தான் என் தேர்வு.