வைஃபை அடிக்கடி கட் ஆகிறது என்று லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் லேப்டாப்பில் இருந்த நல்ல வைஃபை கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பழைய மட்டமான கார்டைப் போட்டு, அதற்குக் காசும் வாங்கிவிட்டார்கள். எனக்கு அது தெரியவே மூன்று வாரம் ஆனது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் நடந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

சார்ஜர் போட்டிருந்தால் வைஃபை ஒழுங்காக வரும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் தொடாமல் வைத்துவிட்டு மறுபடி எடுத்தால் இணைப்பு போயிருக்கும். அதே மேசையில் இருக்கும் போனில் நெட் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் ரவுட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. இதை அப்படியே கடையில் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "கார்டு போச்சு சார், மாத்தணும்" என்றார், இன்னும் லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எப்போது கட் ஆகிறது, எல்லா வைஃபையிலும் ஆகிறதா, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்ததா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் எப்படிக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும்?

மாற்றிக் கொடுத்தார்கள். நான் பெரும்பாலும் சார்ஜரிலேயே வேலை பார்ப்பதால் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பேட்டரியில் போட்டதும் பழையபடி அதே கதை. திரும்பக் கொண்டுபோனால், "அப்போ மதர்போர்டுதான் சார்" என்று அதற்கு ஒரு பெரிய தொகை சொன்னார்கள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயரில் வைஃபை தரும். முன்பெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இணைந்திருந்தேன். இப்போது லேப்டாப்பில் அந்தப் பெயரே காணோம், போனில் மட்டும் தெரிகிறது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தேன். கார்டுக்குத் தெரிந்த ரேடியோ வகைகளை அது காட்டும். 802.11பி, ஜி, என் என்று மூன்றுதான் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய 802.11ஏ-யும் இல்லை, ஏசி-யும் இல்லை. அப்படியென்றால் 2.4 மட்டும் பிடிக்கிற கார்டு. தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலுக்கு ஏசி கார்டு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது புதுக் கார்டில் ஒரே ஒரு ஆன்டெனா முனை, இரண்டாவது ஆன்டெனா வயர் ஒரு டேப்கூட ஒட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதிக்குப் போய், வைஃபை கார்டின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு டேப் வரும் (சில புது லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது). பேட்டரியை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ள விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக் அங்கே இருக்கிறது. அந்த டிக்கை எடுத்தேன். அதன் பிறகு இன்றுவரை ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. கார்டை மாற்றிய பிறகும் அதே மாதிரிதானே கட் ஆனது? அப்போது என் பழைய கார்டில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நல்ல கார்டை இழந்திருக்கிறேன்.

கடையில் போய்க் கேட்டேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். ரசீதை நீட்டினேன், அதில் 'வைஃபை சர்வீஸ்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்தக் கார்டை எடுத்தார்கள், எந்தக் கார்டைப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதனால் கொடுக்கும் முன் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் புதுக் கார்டின் மாடலை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய கார்டைக் கையில் கேட்டு வாங்குங்கள், கடையை விட்டு வெளியே வருவதற்குள் அந்தக் கட்டளையை அடித்து ஏசி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் மட்டும் கட் ஆகிறது என்றால் முதலில் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரையும் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒருமுறை புதிதாகப் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஆகாது.

நான் என் மாடலுக்குப் பொருந்துகிற ஏசி கார்டு ஒன்றைத் தனியாக வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். இரண்டு வயரையும் இரண்டு முனையிலும் அழுத்தியதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திரும்ப வந்துவிட்டது. புதுக் கார்டு என்பதால் அந்த டிக் மறுபடி விழுந்திருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.