ஆன்டிபயாடிக்குடன் எந்த புரோபயாடிக்: ஈஸ்ட்டா, ஸ்போரா, லாக்டோபேசில்லஸா, தயிரா?

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வயிற்றுப்போக்கு வராமலிருக்க, மருந்துக் கடையில் கூடவே ஒரு புரோபயாடிக்கையும் (நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய தயாரிப்பு) தருவது வழக்கமாகிவிட்டது. எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிக் கிடைத்ததை வாங்கிச் செல்வோர் பலர். உள்ளே அடைத்திருக்கும் உயிரி எது என்பதைப் பொறுத்துப் பயனும் மாறுகிறது, ஆபத்தும் மாறுகிறது.

சாக்கரோமைசிஸ் பொலார்டி என்பது ஈஸ்ட், அதாவது ஒருவகைப் பூஞ்சை. 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதை, பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் கொல்லாது. எனவே இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாம். ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து எடுப்பவருக்கோ இது வீண். மற்றபடி ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாய்க்குள் செருகிய மருந்துக் குழாய்) பொருத்தப்பட்டவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள், கீமோதெரபி போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் ஆகியோருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அத்தகைய நோயாளியின் படுக்கையருகே காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினாலே தூள் காற்றிலும் கையிலும் பரவி, சென்ட்ரல் லைன் வழியே இரத்தத்தில் ஈஸ்ட் தொற்றாக மாறக்கூடும். உடனிருந்து கவனிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா சிறு பிளாஸ்டிக் குப்பியில், பொதுவாக 5 மி.லி.யில் 200 கோடி ஸ்போர்களாக வருகிறது. ஸ்போர், அதாவது கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம் என்பதால் வயிற்று அமிலத்தையும் அறை வெப்பத்தையும் தாங்கும். பார்ப்பதற்கு ஊசி மருந்துபோல் இருந்தாலும் இதை வாய்வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். குலுக்கிவிட்டு, தண்ணீரிலோ பாலிலோ கலந்து உடனே குடிப்பது நல்லது. ஈஸ்ட்டுக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை.

லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி அதிகம் ஆராயப்பட்ட பாக்டீரியா. இதை ஆன்டிபயாடிக் கொல்லக்கூடும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் பயன் காட்டிய இதே வகை, 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொற்றால் வயிற்றுப்போக்கு வந்த 971 குழந்தைகளிடம் மருந்துச் சத்தில்லாத ஒப்பீட்டு மருந்தைவிட (பிளசிபோ) மேலாகப் பயன் தரவில்லை. ஆகவே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்), அத்துடன் மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாகம். புரோபயாடிக் அதற்கு ஈடாகாது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக்குகளைக் கொடுப்பதன் ஆபத்து குறித்து 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

வீட்டுத் தயிர் நல்ல உணவு. அதிலுள்ள நுண்ணுயிரிகளின் வகையும் எண்ணிக்கையும் வீட்டுக்கு வீடு மாறுவதால் அதை மருந்துக்கு மாற்றாகக் கருத முடியாது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாத்திரைகளைத் தயிருடன் சேர்த்து விழுங்கினால், தயிரின் கால்சியம் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

எதை வாங்கினாலும் அட்டையில் நுண்ணுயிரியின் முழுப் பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் புரோபயாடிக் தேடி நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்; ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் தொற்றும் இப்படித் தொடங்கக்கூடும், அதற்குத் தனிச் சிகிச்சை தேவை.