ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஐ.ஐ.டி. பாடம்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளராக இருக்கிறேன். டிப்ளமோ முடித்து 18 வருஷம் ஆகிறது. முதலில் ஒரு படிப்புச் செயலியில் நாற்பதாயிரம் கட்டி ஏமாந்தேன். பெயர் வேண்டாம்.

அப்புறம்தான் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழித் திட்டத்தில் 12 வார பைதான் (கணினி நிரல் மொழி) பாடம் எடுத்தேன். வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்குப் பணம்; நான் கட்டியது 1,000 ரூபாய்.

சரி, இலவசம்தானே என்று அசட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் குறைந்தது 10, பின்னதில் குறைந்தது 30 தனித்தனியாக எடுக்க வேண்டும். பன்னிரண்டில் சிறந்த 8 அசைன்மென்ட் மட்டுமே கணக்கு என்பதால், ஆயுத பூஜை வாரம் நான் கோட்டைவிட்டும் தப்பித்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில்தான் வகுப்பு. ஒருநாள் ஒரு நிரல் ஓடவே இல்லை. ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டேன். எட்டாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இந்த வரியில ஒரு ஸ்பேஸ் கம்மி" என்றாள்.

தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். என்னைச் சுற்றி எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். மொத்தத்தில் 62 வாங்கினேன்.