சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு லைட்ஸ்டோன் அறிக்கை: எதை நம்பலாம், எதை அடிக்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டை விற்கிற பேச்சு எழுந்ததும் ஏஜென்ட் மேசையில் வைப்பது பெரும்பாலும் சொத்துத் தரவு நிறுவனமான லைட்ஸ்டோனின் அறிக்கைதான். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளும் இந்த வகைக் கணினி மதிப்பீட்டைப் பார்க்கின்றன. வீட்டுக்காரரே இணையத்தில் பணம் கட்டியும் வாங்கலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பேட்டை வீடுகளைப் பொறுத்தவரை கொடுக்கும் காசுக்குத் தகும் அறிக்கைதான். ஆனால் அந்தக் காசின் மதிப்பு அக்கம்பக்க விற்பனைப் பட்டியலில் இருக்கிறது. கொட்டை எழுத்தில் வரும் மதிப்பீட்டுத் தொகை அவ்வளவு பெறாது.

பட்டியலின் பலம், அது பத்திரப் பதிவிலிருந்து வருகிறது என்பது. டர்பன் அடங்கிய குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பத்திரங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அலுவலகத்தில் பதிவாகின்றன. அங்கே ஏறுவது கைமாறிய விலை. விளம்பரத் தளங்களில் காண்பது விற்பவரின் ஆசை விலை. இரண்டையும் கலந்து கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அதே பத்திரம்தான் பலவீனமும். அதில் மனையின் சதுர மீட்டர் இருக்கும். கட்டடத்தின் அளவோ அறைகளின் எண்ணிக்கையோ இருக்காது. ஒரே மாதிரி வீடுகள் நிறைந்த புதிய குடியிருப்பில் இது பெரிய குறையில்லை. சாட்ஸ்வொர்த்தில் குறைதான். 1960களில் மாநகராட்சி கட்டிய, நடுச்சுவரைப் பகிரும் சிறு வீடுகள் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. பேவியூவிலோ வெஸ்ட்கிளிஃபிலோ ஒரு தெருவில் நின்று பார்த்தாலே போதும்: ஒன்று பழைய கூரையோடு அப்படியே இருக்கும், பக்கத்து வீடு மாடி எழுப்பி, பின்னால் வாடகைக்கு அவுட்பில்டிங் கட்டி, இரட்டை கராஜோடு நிற்கும். பத்திரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மனை. கணினி சொல்லும் தொகை முதல் வீட்டுக்கு அதிகமாகவும் இரண்டாவதுக்குக் குறைவாகவும் விழ இதுவே முதல் காரணம். மேட்டு நிலம் இன்னொன்று. 400 சதுர மீட்டரில் பாதி செங்குத்துச் சரிவு என்றால் அது 400 அல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வாங்க வருகிறவர்கள் தாங்குசுவரின் விரிசலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; அதைப் பத்திரம் பார்ப்பதில்லை.

அறிக்கை வந்ததும் ஒரு பேனாவை எடுங்கள். விற்றவரும் வாங்கியவரும் ஒரே குடும்பப் பெயர் என்றால் சந்தேகப்படுங்கள், தந்தை மகனுக்கு எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். இறந்தவரின் சொத்துப் பிரிவினை, விவாகரத்துப் பங்கு, ஏல விற்பனை, குடியிருந்தவருக்கே மாநகராட்சி சலுகை விலையில் கொடுத்த பழைய பதிவு இவை எதுவும் சந்தை விலை அல்ல, அடித்துவிடுங்கள். பெரிய சாலையைத் தாண்டிய வீடுகளையும் அடியுங்கள். ஹிகின்சன் நெடுஞ்சாலையின் இரைச்சலில் நிற்கும் வீடும் உள்தெரு வீடும் வரைபடத்தில்தான் பக்கம் பக்கம். தேதியில் விற்பனை நாளையும் பதிவு நாளையும் குழப்ப வேண்டாம். விலை பேசியதற்கும் பதிவுக்கும் நடுவே மாதக்கணக்கில் போகும். கணக்குக்கு உரியது விலை பேசிய நாள்.

அடுத்து, விலைப் போக்கு. லைட்ஸ்டோனின் விலைக் குறியீடு மறுவிற்பனை முறையில் ஆனது: ஒரே வீடு இருமுறை விற்றால் இரு விலையையும் ஒப்பிடும். பேட்டையின் நடுநிலை விலையைவிட, அதாவது விற்ற விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலையைவிட, இது மேல். ஓராண்டில் பெரிய வீடுகளாக விற்றுவிட்டால் நடுநிலை விலை தானாக ஏறிவிடும், எந்த வீடும் ஒரு ரேண்ட் கூடியிருக்காது. ஆனால் மறுவிற்பனை முறைக்கும் ஒரு கண் குருடு. 450,000-க்கு வாங்கி, 300,000 செலவழித்து அறைகள் கட்டி, 950,000-க்கு விற்றால், சந்தை இரட்டித்ததாகத்தான் பதிவு சொல்லும். வீட்டை விரிவாக்குவதே வழக்கமான நம் பேட்டைகளில் போக்கு எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுப்பது நல்லது. வட்டியையும் மறக்கக்கூடாது. வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 2021 நவம்பர் நடுப்பகுதி வரை 7 சதவீதம். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை 11.75. 800,000 ரேண்ட் கடனுக்கு 20 ஆண்டுத் தவணை முன்னதில் மாதம் சுமார் 6,200, பின்னதில் சுமார் 8,670. 2021 விலையைக் குறியீட்டால் மட்டும் தூக்கி நிறுத்துவது ஆபத்து.

பட்டியலில் அடிபடாமல் மிஞ்சிய விற்பனைகளிலிருந்து நம் வீட்டின் விலையைக் கணக்கிடுவது இப்படி. எண்கள் விளக்கத்துக்கு மட்டும். போக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைப்போம். பட்டியலின் முதல் வீடு 20 மாதத்துக்கு முன் 850,000 ரேண்டுக்கு விற்றது; போக்கைச் சேர்த்தால் சுமார் 907,000. அதில் அவுட்பில்டிங் உண்டு, நம்மிடம் இல்லை. 90,000 கழித்தால் 817,000. இரண்டாவது 6 மாதத்துக்கு முன் 780,000, இன்று 795,600. அதற்கு கராஜ் இல்லை, நமக்கு உண்டு. 50,000 கூட்டினால் 845,600. மூன்றாவது 40 மாதப் பழசு, 690,000; போக்கோடு 782,000, அதன் சமையலறை நம்முடையதைவிடப் பழையது என்பதால் 40,000 கூட்டி 822,000. அண்மையில் விற்ற இரண்டாவதுக்கே எடை அதிகம். ஆக 820,000 முதல் 845,000 வரை. கூட்டிக் கழிக்கும் தொகையைக் கட்டடச் செலவிலிருந்து எடுக்காதீர்கள். அவுட்பில்டிங் உள்ள வீடும் இல்லாத வீடும் அதே காலத்தில் என்ன வித்தியாசத்தில் விற்றன என்று பட்டியலில் தேடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பிளான் இல்லாத அறைக்கு முழு மதிப்பு போடவும் வேண்டாம். வாங்குபவரின் வங்கி அதைக் கேட்கும், குறைபாடுகளை விற்பவர் எழுதித் தரும் படிவமும் சட்டப்படி இப்போது கட்டாயம்.

இந்தத் தொகை அறிக்கை தன் மதிப்பீட்டோடு தரும் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் விழுந்தால் சரி. வெளியே விழுந்தால் முதலில் உங்கள் கூட்டல் கழித்தலைப் பாருங்கள், பிறகு வீட்டின் எந்த அம்சம் பத்திரத்துக்குத் தெரியாமல் போயிற்று என்று பாருங்கள். எல்லைகளே வெகுதூரம் விலகியிருந்தால் அருகில் விற்பனை போதவில்லை என்று பொருள். அப்போது நடு எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

சொத்துப் பிரிவினை, விவாகரத்து, வரி இவற்றுக்கு இந்த அறிக்கையோடு நிற்காதீர்கள்; தென்னாப்பிரிக்கச் சொத்து மதிப்பீட்டாளர் கவுன்சிலில் பதிவு பெற்றவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். ரேட்ஸ் எனும் சொத்து வரி பில் அதிகம் என்று, டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியில் ஆட்சேபிக்க விற்பனைப் பட்டியல் உதவும், இன்றைய மதிப்பீட்டுத் தொகை உதவாது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாநகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியலுக்கு மதிப்பீட்டு நாள் 2021 ஜூலை 1 ஆக இருந்தது. உங்கள் பில்லுக்கு உரிய மதிப்பீட்டு நாளையொட்டிய விற்பனைகளைத்தான் ஆட்சேபத்தில் இணைக்க வேண்டும், அதுவும் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள்.