முட்டுச்சந்துக் கால்வாய்கள்: லீக்கா, ஆஷ்பியா, மாண்ட்கோமரியா?

இங்கிலாந்தில் நேரோபோட் என்ற ஒடுக்கமான கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது சுற்றுப் பாதையைத்தான். ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பினால்தான் கொடுத்த காசு செரிக்கும் என்று ஒரு கணக்கு. ஒரே தண்ணீரை, ஒரே பாலத்தை இரண்டு தடவை பார்ப்பானேன்? இந்தக் கணக்கின் புண்ணியத்தில், எங்கேயும் போய்ச் சேராமல் வயல்வெளியில் முட்டி நிற்கும் கால்வாய்கள் ஜூலை மாதத்தில்கூடக் காலியாகக் கிடக்கின்றன.

அப்படிப்பட்ட மூன்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டாஃபர்ட்ஷயரில் கால்டன் கால்வாயின் லீக் கிளை, கவென்ட்ரி கால்வாயிலிருந்து பிரியும் ஆஷ்பி, லங்கோலன் கால்வாயிலிருந்து வேல்ஸ் பக்கம் இறங்கும் மாண்ட்கோமரி. மூன்றும் அமைதியானவைதான். ஆனால் அமைதியான காரணம் ஒன்றல்ல. ஒன்றை நிலக்கரிச் சுரங்கம் தின்றது, ஒன்று கரை உடைந்து போனது, இன்னொன்று தண்ணீர் கொண்டுவருவதற்காகவே உயிரோடு விடப்பட்டது. எதனால் முட்டுச்சந்தானது என்று தெரிந்தால் அங்கே பயணம் எப்படியிருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

நேரோபோட் புதிது என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அகலம் 6 அடி 10 அங்குலம், அது நுழைய வேண்டிய லாக்கின் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டி) அகலம் 7 அடி. நீளம் மட்டும் 70 அடி வரை போகும். ஆலப்புழைப் படகு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே ஓட்டுநரும் நீங்கள்தான், சமையல்காரரும் நீங்கள்தான், லாக் கதவை முதுகால் தள்ளுகிற ஆளும் நீங்கள்தான். வாடகைப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் கேட்பதில்லை. ஒரு மணி நேரம்போலச் சொல்லிக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நாயோடு நடப்பவர் உங்களை முந்திப் போவார்.

நேரத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம். ஸ்டோக் நகரின் இட்ரூரியாவிலிருந்து லீக் முனை வரை சுமார் 12 மைல், 9 லாக். ஏழு மணி நேரம். ஆஷ்பி 22 மைல், இயக்க வேண்டிய லாக் ஒன்றுகூட இல்லை. அதுவும் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தாளில் இரண்டும் சமம். தண்ணீரில் அப்படி இல்லை.

ஆஷ்பியில் ஆழம் குறைவு. அவசரப்பட்டு எஞ்சினை முடுக்கினால் புரொப்பெல்லர் அடியிலிருக்கிற தண்ணீரைப் பின்னால் வாரி எறிகிறது, படகின் பின்பக்கம் கீழே அமுங்குகிறது, வேகம் இன்னும் குறைகிறது. பின்னால் எழும் அலை காப்பி நிறத்தில் கரையை அறுப்பதைப் பார்த்தால் நமக்கே கூச்சமாகிவிடும். முடுக்கத்தைக் குறைத்தால் படகு லேசாகி நழுவிப் போகும். இதை நம்ப எனக்கு அரை நாள் பிடித்தது. போதாததற்கு வரிசையாகக் கட்டி நிற்கும் படகுகள். அவற்றைக் கடக்கும்போதெல்லாம் எஞ்சினை ஏறத்தாழ அணைத்த மாதிரி ஊர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஒருவர் கையிலிருக்கும் தேநீர் மடியில் கொட்டும். ஜன்னலைத் திறந்து அவர் சொல்வதைக் கேட்கவும் நேரிடும். ஏழு மணி நேரக் கணக்கு பத்து மணி நேரமாகிவிடுகிறது. ஒரே நாளில் முடிக்கலாம் என்று போகாதீர்கள்.

ஆனாலும் முதல் முறை படகு ஓட்டுகிறவர்களுக்கு, குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் ஆஷ்பியைத்தான் சொல்வேன். 1804இல் திறந்த கால்வாய் இது. மலையையும் பள்ளத்தையும் ஏறி இறங்காமல், ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாடு மேய்ந்த தடம்போல வளைந்து வளைந்து போகிறது. லாக் இல்லாததால் யாரும் கரையில் குதிக்க வேண்டியதில்லை. வழியில் சட்டன் செனி படகுத்துறையில் கட்டிவிட்டு நடந்தால் பாஸ்வொர்த் போர்க்கள மையம். 1485இல் மூன்றாம் ரிச்சர்ட் விழுந்த போர். போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி இங்கிலாந்து மன்னர் அவர்தான். உண்மையில் போர் நடந்த வயல் மையத்திலிருந்து ஒரு மைலுக்கும் மேல் தள்ளியிருக்கிறது என்று பிற்பாடு தெரியவந்தது, மையம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மன்னரும் 2012 வரை லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில்தான் கிடந்தார்.

ஆஷ்பி முதலில் மொய்ரா என்ற ஊர் வரை 30 மைல் ஓடியது. மொய்ராவின் நிலக்கரிக்காகவே அதற்கு வேலை இருந்தது. அதே நிலக்கரியை அடியிலிருந்து தோண்டத் தோண்ட, மேலே நிலம் அமுங்கிக் கால்வாய்க் கரை உள்வாங்கியது. 1944, 1957, 1966 என்று மூன்று தவணையில் வடபகுதி மூடப்பட்டது. இன்று ஸ்நேர்ஸ்டன் ஊருக்கு அடியில் 250 கஜம் நீளமுள்ள, நடுவில் லேசாகக் கோணிய, படகு போகும் சுரங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் முடிந்துவிடுகிறது. மொய்ரா பக்கம் ஒரு துண்டை மீண்டும் வெட்டித் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள், அது தனியே ஒரு குளம் மாதிரி நிற்கிறது. நடுவில் விட்டுப்போன இடத்தைச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முனையில் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் ஆஷ்பியின் குறை.

லீக் அப்படி இல்லை. ஆனால் அமைதியை வாங்க முதலில் ஒரு நகரத்தைக் கடக்க வேண்டும். இட்ரூரியாவில் கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி சிலையருகே திரும்பியதுமே இரட்டைப் படிக்கட்டு லாக் ஒன்று. மேல் லாக்கின் கீழ்க்கதவே கீழ் லாக்கின் மேல்கதவு என்பதால் எந்த மதகை எப்போது திறப்பது என்பதில் கவனம் வேண்டும். அப்புறம் ஸ்டோக்கின் ஹேன்லிப் பகுதியின் முதுகுப்புறம்: பழைய பீங்கான் ஆலைச் சுவர்கள், தள்ளுவண்டிகள் மூழ்கிக் கிடக்கும் தண்ணீர். ஐவி ஹவுஸ் தூக்குப்பாலத்தில் சாவியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் மணியடித்துச் சாலையில் தடுப்பு விழுகிறது, இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன, மணிக்கு மூன்று மைலில் நாம் கடக்கிறோம். வாழ்க்கையில் இவ்வளவு பேரைக் காக்க வைத்ததில்லை. அங்கேதான் புரொப்பெல்லரிலும் ஏதோ சுற்றிக்கொண்டது. பின் தளத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, தோள் வரை கையை விட்டுத் துழாவியதில் நீல நைலான் கயிறும் ஒரு ஜன்னல் திரைச்சீலையும் வந்தன.

ஸ்டாக்டன் புரூக்கின் ஐந்து லாக்குகள் ஏறியதும் எல்லாம் மாறிவிடுகிறது. ஹேசல்ஹர்ஸ்டில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. பிரதான கால்வாய் மூன்று லாக் இறங்கிச் செடில்டன் வழியாக ஃப்ராக்ஹால் போகிறது. நீராவி ரயில், காட்டுக்குள் மதுக்கடை என்று ஆசை காட்டும் வழி என்பதால் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். லீக் கிளை இறங்காமல் மேல் மட்டத்திலேயே மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் 1841இல் கட்டிய தொட்டிப்பாலத்தின் மீது ஏறிப் பிரதான கால்வாயைக் கடக்கிறது. நாம் தண்ணீரில் நின்றுகொண்டு, கீழே வேறொரு தண்ணீரில் போகும் படகின் கூரையிலிருக்கும் பூந்தொட்டிகளைப் பார்க்கலாம். இதற்குப் பிறகு எனக்கு எதிரே வந்த படகுகள் அன்று மாலை முழுவதும் இரண்டே இரண்டு.

இந்தக் கிளை பிழைத்ததற்குக் காரணம் ரட்யார்ட் ஏரி. அந்த ஏரித் தண்ணீர் இது வழியாகத்தான் கால்டனுக்கு வருகிறது. சரக்கு நின்ற பிறகும் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ ஆஷ்பியைவிட இங்கே தண்ணீர் தெளிவு. எதிர்நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது, சுக்கானைத் திருப்பும் தடியான டில்லரைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் பெற்றோர் சந்தித்தது அந்த ஏரிக்கரையில். மகனுக்கு ஏரியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

முனைக்கு வருவோம். மூன்று மைல்கூட இல்லாத கிளை. கடைசியில் கால்வாய் ஒரு குளம்போல அகல்கிறது, அதைத் தாண்டி 130 கஜச் சுரங்கம், சுரங்கத்துக்கு அப்பால் படகைத் திருப்பும் இடம், அவ்வளவுதான். திருப்புமிடம் என்பது கரையில் வெட்டிய முக்கோண வாய். மூக்கை அதில் சொருகிவிட்டு வாலைச் சுழற்ற வேண்டும். ‘முனையில் திருப்பிக்கொள்ளலாம்’ என்று படகு கொடுத்தவர் பொதுவாகச் சொல்லியிருந்தார். எங்களுடையது 57 அடிப் படகு. சுரங்கத்துக்கு அப்பாலுள்ள வாய் அவ்வளவு நீளத்துக்கு வெட்டியதல்ல என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் வரைபடத்தில் பார்க்கவில்லை. முன்னால் நின்ற என் மைத்துனன் “மாமா, மூக்கு நல்லா மாட்டிக்கிச்சு” என்று கத்தியபோது இங்கே வால் எதிர்க்கரைப் புதரில் சிக்கியிருந்தது. கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பாலம் மாதிரி நின்றோம். மழை வேறு. நீளக் கம்பால் நாற்பது நிமிடம் தள்ளி விடுவித்து, பின்னோக்கியே சுரங்கத்துக்குள் நுழைந்தோம். நேரோபோட்டுக்குப் பின்னோக்கிப் போகும்போது டில்லர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. சுவரில் இங்கே ஓர் இடி, அங்கே ஓர் இடி. குளத்துக்கு வந்த பிறகு எந்தச் சிரமமும் இல்லாமல் திரும்பியது. நீளப் படகுக்காரர்கள் அந்தக் குளத்திலேயே திருப்பிவிட்டுச் சுரங்கத்தின் மேல் நடந்து போய்ப் பாருங்கள்.

அங்கிருந்து லீக் ஊர் நடை தூரம்தான். கால்வாயின் கடைசித் துண்டைத் தூர்த்துத் தொழிற்பேட்டை கட்டிவிட்டதால் கொஞ்சம் அழகில்லாத நடை. ஊருக்குள் பிரிண்ட்லி கட்டிய நீராலை இருக்கிறது. கால்வாய் வெட்டப் போகும் முன் அவர் ஆலைத் தச்சர். 1772இல் இந்தக் கால்டனுக்கு அளவெடுக்கப் போய் மழையில் நனைந்துதான் காய்ச்சலில் படுத்தார் என்பார்கள், அதே ஆண்டு இறந்தும் போனார். இந்தியாவின் டசர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வித்தையைத் தேற்றிய தாமஸ் வார்டிலும் லீக்காரர்தான்; துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் இங்கே வந்து அவரிடம் சாயம் கற்றார். காலையில் ஓட்கேக் சாப்பிடுங்கள். ஓட்ஸ் மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றிச் சுட்டு, உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருவார்கள். பார்த்தால் தோசை, வாயில் வைத்தால் தோசைக்குத் தூரத்துச் சொந்தம்.

மாண்ட்கோமரியை நான் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அது எல்லோருக்குமானதல்ல. பான்ட்கசில்தே தொட்டிப்பாலத்தைப் பார்க்க லங்கோலன் கால்வாயில் படகுகள் வரிசை கட்டும். நடுவில் ஃப்ராங்க்டனில் திரும்பினால் சத்தம் கதவடைத்ததுபோல நின்றுவிடும். அங்கே நுழைய அனுமதி வேண்டும்: முன்பதிவு செய்து, லாக் ஊழியர் இருக்கும் நேரத்தில் போய் நிற்க வேண்டும். 1936இல் கரை உடைந்தது, உரிமையாளரான ரயில்வே நிறுவனம் சரிசெய்யவில்லை, 1944இல் சட்டப்படி கைவிடப்பட்டது. தன்னார்வலர்கள் 1969 முதல் துண்டு துண்டாக மீட்டுவருகிறார்கள். 2023இல் கிரிக்ஹீத் வரை திறந்தது. ஏழெட்டு மைலில் எட்டு லாக். அதில் ஒன்று பீட் எனும் மட்கிய சதுப்பு நிலம் அமிழ்ந்ததால் மீட்பின்போது புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்த குட்டி லாக். படகில்லாத பல பத்தாண்டுகளில் அரிய நீர்த்தாவரம் ஒன்று இங்கே செழித்துவிட்டது, அதைக் காக்கத்தான் படகுகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. அமைதியில் முதல் இடம் இதற்கே. ஆனால் முன்பதிவு நேரம் தவறினால் ஒரு நாள் போச்சு. ஒரு வாரம் கையில் இருந்து, ஏற்கெனவே படகு ஓட்டிப் பழகியவர் என்றால் போங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நார்த்தாம்ப்டன்ஷயரின் வெல்ஃபர்ட் கிளை போதும். ஒன்றரை மைல், ஒரே ஒரு லாக், முனையில் சாப்பாட்டுக் கடை.

என் ஓட்டு லீக்குக்கு. நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டோக்கைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், ஹேசல்ஹர்ஸ்டுக்கு முன்னால் எங்கும் இரவு தங்காதீர்கள். வறண்ட கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறையால் லாக்குகளை மூடுவதுண்டு. கால்வாய், ஆறு அறக்கட்டளையின் அறிவிப்பைப் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். அப்புறம், 57 அடி வேண்டாம். நாலு பேருக்கு 45 அடி தாராளம், மைத்துனன் முன்னால் படுத்துக்கொள்வான்.