ஆறு வாய் மோட்டார் வால்வு: பழைய டீசல் ஜீப்புக்கு நல்ல சாமான், கொமன் ரெயிலுக்கு வேண்டாம்

ஜீப்புக்கு இரண்டாவது டீசல் தாங்கி போட, தாங்கி மாற்றும் வால்வு தேடிக் கொழும்பின் பழைய சாமான் கடைத்தெருவான பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர் முதலில் அதன் வாய்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று வாய் வால்வு டீசலுக்குப் பாதி வேலைதான் செய்யும். டீசல் பம்ப், எரிக்கும் அளவைவிடக் கூடவே இழுக்கும். மிஞ்சியது ரிட்டர்ன் பைப் வழியே தாங்கிக்குத் திரும்பும். மூன்று வாய் வால்வு இழுக்கும் பைப்பை மட்டும் மாற்றுகிறது. ரிட்டர்ன் பழையபடி முதல் தாங்கிக்கே போகும். இரண்டாவது தாங்கியில் ஓடும்போது அதிலுள்ள டீசல் மெல்ல மெல்ல முதல் தாங்கிக்கு இடம் மாறும். முதல் தாங்கி நிறைந்திருந்தால் மூச்சுக்குழாய் வழியே ரோட்டில் கொட்டும்.

ஆறு வாய் வால்வு இரண்டு பைப்பையும் ஒரே அசைவில் மாற்றுகிறது. இரட்டைத் தாங்கியோடு வந்த அமெரிக்கப் பிக்கப்களில் இது 1980களிலேயே இருந்தது. போலாக் கம்பனியின் 42-159 அந்த வகைதான். அதே வடிவில் நகல்களும் உண்டு.

இதன் பெரிய நன்மை, திரும்பும் சில விநாடிகளுக்கு மட்டுமே மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும் என்பது. பிறகு நின்ற இடத்திலேயே நிற்கும். வில்பத்துக் காட்டுப் பாதையில் ஒரு வயர் அறுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த தாங்கியிலேயே தொடர்ந்து ஓடலாம். ஸ்பிரிங் வைத்த சொலினொய்ட் (மின்காந்தக் கொயிலால் இழுபடும்) வால்வு என்றால் கரண்ட் போனதும் மறுபக்கம் பாய்ந்துவிடும். இரண்டாவது தாங்கியில் ஓடும் நேரமெல்லாம் அதன் கொயில் சுட்டுக்கொண்டே இருக்கும். கூடுதல் காசு கொடுப்பதற்கு இது ஒன்றே போதும்.

எண்ணெய் மீற்றரின் மிதவை வயரையும் இதே வால்வு மாற்றித் தரும். இன்னொரு மீற்றர் தேவையில்லை. ஆனால் மிதவை மீற்றருக்குப் பொருந்த வேண்டும். பழைய டொயோட்டா மிதவை நிறைவில் 3 ஓம், வெறுமையில் 110 ஓம் அளவு காட்டும். விடிஓ கம்பனியின் மிதவை அதற்கு நேர்மாறு: வெறுமையில் 10, நிறைவில் 180. இதைக் கொண்டுபோய் டொயோட்டா மீற்றரில் கொடுத்தால் தாங்கி நிரம்ப நிரம்ப முள் கீழே இறங்கும். வாங்கும்போதே மல்டிமீற்றரை வைத்து, மிதவைக் கையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

சுவிட்ச் இரட்டைத் துருவ, இரு பக்க வகையாக இருக்க வேண்டும். மோட்டார் திரும்பிவர பொசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாற வேண்டும் அல்லவா; சாதாரண ஒற்றைச் சுவிட்சில் ஒரு பக்கம் போனது திரும்பாது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து 5 அம்பியர் பியூஸ் வழியாக எடுங்கள். இது 12 வோல்ட் சாமான். ஜப்பானிலிருந்து வந்த பிஜே44, எச்ஜே60 போன்ற லேண்ட்குரூசர்கள் 24 வோல்ட். ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்தால் இரண்டு பற்றரியும் சமமாகச் சார்ஜ் ஆகாமல் கெட்டுப்போகும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கொன்வேர்ட்டர் போடுங்கள்.

பூட்டுமுன் மேசையில் வைத்தே சோதிக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்து, சுத்தமான குழாயால் ஒவ்வொரு வாயிலும் ஊதி, எது எதோடு சேர்கிறது என்று வால்வின் மேலேயே எழுதிவையுங்கள். பிறகு வயரை மாற்றிக் கொடுத்து மறுபடி ஊதுங்கள். எந்த நிலையிலும் இழுப்பும் ரிட்டர்னும் ஒரே தாங்கிக்குத்தான் போக வேண்டும். மூடியிருக்க வேண்டிய வாயால் சிறிது காற்று வந்தாலும் அந்த வால்வை வாங்காதீர்கள். கொம்ப்ரசர் காற்று கொடுக்காதீர்கள், உள்ளே சீல் பிய்ந்துவிடும்.

பொருத்துகையில் அதிகம் சறுக்கும் இடம் ஹோஸ்தான். வால்வின் இழுப்பு வாய் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர், ரிட்டர்ன் 5/16, ஏறக்குறைய 8. வண்டியின் பைப் சிறிதாக இருந்தால் அளவு மாற்றும் பித்தளை இணைப்புப் போடுங்கள். பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்து அடக்கப் பார்த்தால் அந்த இடத்தில் காற்று நுழையும். இழுப்புப் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, அதனால் கண்ணிலும் படாது. ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் நின்றாலோ, ஏற்றத்தில் இழுவை குறைந்தாலோ, பம்புக்கு முன் தற்காலிகமாக உள்ளே ஓடுவது தெரியும் குழாய் ஒரு முழம் போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நிரந்தரமாக எஸ்ஏஈ ஜே30ஆர்7 என்ற எரிபொருள் ஹோஸ் தரக் குறி அச்சிட்ட ஹோஸ் போதும். தாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10 தேவை. ஆர்7இன் வெளித்தோல் டீசலில் ஊறிக் கிடப்பதற்கானது அல்ல.

வால்வைச் சேற்று மட்டத்துக்கு மேலே, சேசிஸின் உட்பக்கம், சைலன்சர் பைப்பிலிருந்து குறைந்தது 150 மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டுங்கள். ஒவ்வொரு தாங்கிக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு வலை வடிகட்டி கட்டாயம் வேண்டும். பழைய தாங்கியின் துருச் செதில் உள்ளே போய்ச் சிக்கினால் வால்வு பாதி வழியில் நின்றுவிடும். கொழும்பின் ஈரக் காற்றில் பாதி காலியான தாங்கிக்குள் நீர் வியர்த்து அடியில் தேங்கும். ஆகவே இரண்டாவது தாங்கியை நீண்ட பயணத்துக்கென்று மூடி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது அதில் ஓடுங்கள்.

மூச்சுக்குழாய் தாங்கிக்கு ஒன்றாக, நிரப்பும் வாயின் உயரத்துக்கு மேலே ஏறி வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் சரிவில் டீசல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். நிரப்பும்போது காற்று வெளியேறும் குழாயைச் சிறிதாக வைத்தால் எண்ணெய் செட்டில் நொசில் டக் டக்கென்று நின்றுகொண்டே இருக்கும். பாரத்தையும் கணக்கிடுங்கள்: 60 லீற்றர் டீசல் 50 கிலோ. தாங்கியின் பட்டிகளுக்குக் கீழே ரப்பர் வையுங்கள்.

1எச்செட், 300டிடிஐ, பழைய 4டி56 போன்ற மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின்களுக்கு இந்த வால்வைத் தயங்காமல் சொல்லலாம். 1கேடி பிராடோ போன்ற கொமன் ரெயிலுக்கு, அதாவது கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் முறைக்கு, வேண்டாம். அங்கே சூடான ரிட்டர்ன் அதிகம். சிறிது காற்றும் தூசியும் போனாலே பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும், அந்தச் செலவு பெரியது. அதற்கு இரண்டாவது தாங்கியிலிருந்து முதல் தாங்கிக்கு ஏற்றும் ஒரு 12 வோல்ட் பம்பே ஏற்றது. முதல் தாங்கியின் மீற்றர் பாதிக்கு இறங்கிய பிறகே அந்தப் பம்பை ஓட விடுங்கள். இரண்டாவது தாங்கி உயரத்தில் இருந்தால், பம்பை நிறுத்திய பிறகும் டீசல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த லைனில் சைபன் தடுக்கும் வால்வு ஒன்றும் சேர்த்தே வாங்குங்கள்.